இரண்டு விரல் கீழே

முட்டைக்கரு நிறத்தில் இரண்டு வட்டம்.
வெளிச்சம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.
எண்பத்து நான்காம் வருடத்து டாட்சன் பக்கி;
என் கல்யாணத்துக்கு ஒரு வயது மூத்தது,
அதைவிட உழைப்பாளி.

விடியற்காலை மூன்று மணிக்குத் தோங்காட்டில் கிளம்பினால்
பின்னால் கொத்தமல்லி, மடும்பிக் கிழங்கு, ஈரச் சாக்கு,
இருபுறமும் கரும்பு.
வெருலம் வரைக்கும் நான் ஓட்டியது
பார்த்து அல்ல, மனப்பாடமாய்.
பள்ளம் வரும் இடத்தில் கை தானாக ஒடிக்கும்.
புதுப் பள்ளம் ஒன்று விழுந்த மாதம்
மனப்பாடம் பொய்த்தது.
ஒன்பது பெட்டி தக்காளி
தார்ச்சாலைக்குச் சாறாயிற்று.

உதிரிபாகக் கடை டெரன்ஸ் முனுசாமி
எல்.இ.டி. பெட்டியை நீட்டினான்:
"பகல் மாதிரி இருக்கும், ஆன்ட்டி."
பகல் வேண்டாம்பா.
எதிரே வருகிறவனுக்கும் கண் இருக்கிறது.
சாதா ஹாலஜன் இரண்டு கொடு,
ரிலே இரண்டு,
தடித்த செம்பு வயர் ஆறு மீட்டர்.

பழுது பல்பில் மட்டும் இல்லை என்று
ரூக்காயாவின் மீட்டர் முன்பே சொல்லியிருந்தது.
பக்கத்து வீட்டுக்காரி, டி.வி. பழுதுபார்ப்பவள்;
மீட்டரைத் தருவாள், அறிவுரை தரமாட்டாள்.
பேட்டரியில் பதிமூன்று புள்ளி எட்டு.
விளக்கின் வாயில் பத்தரை.
மிச்சம் மூன்று சொச்சம் எங்கே?
தலைமுடி வயரில்,
ஸ்டியரிங் அடியில் கருகிய சுவிட்சில்,
பச்சை பூத்த முனைகளில்
வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்திருக்கிறது,
சம்பள நாளில் வீடு வந்து சேரும்
என் வீட்டுக்காரரின் பாக்கெட் போல.

அன்று மாலை மின்வெட்டு, அட்டவணைப்படி.
தெருவே இருண்டு கிடக்க
பானட்டுக்குள் தலையை விட்டுப்
பல்லால் வயர் உரித்தேன்.
பெயிண்டைச் சுரண்டி,
வெறும் இரும்பு மினுங்கும்வரை சுரண்டி
எர்த்தை முறுக்கினேன்.
இனி சுவிட்ச் கட்டளை மட்டும் இடும்.
சுமப்பது ரிலே.
தட்டியதும் 'டக்' என்றது,
பல்லி நல்ல இடத்தில் சொன்னது போல.

எதிர்ச்சுவர் முழுசாய் எழுந்து நின்றது:
விரிசல், ஆணி, பழைய தேர்தல் போஸ்டரின் ஒரு காது.
ரூக்காயா ஜன்னலைத் திறந்து
"உனக்கு மட்டும் கரண்ட்டா?" என்றாள்.

மறுநாள்
சாலை எனக்குத் தெரிந்த சாலையாக இல்லை.
கரும்பின் தூர் தெரிந்தது. ஓடாமல் நின்ற எலி தெரிந்தது.
உம்ட்லோட்டி பாலத்துக்கு முன்னால்
யாருக்கோ யாரோ நட்ட சிறு சிலுவை;
எத்தனை வருடம் அதை உரசிக்கொண்டு போயிருக்கிறேன்.
பாலம் தாண்டியதும்
இடது ஓரமாக எதிர்த்து நடந்து வந்தார் ஒருவர்.
நீல மேலங்கி, தோளில் சாப்பாட்டுப் பை.
கையை உயர்த்தினார்.
நானும் உயர்த்தினேன்.
இத்தனை நாளும் உயர்த்தியிருப்பாரோ,
இருட்டில் மரியாதையில்லாமல் போயிருக்கிறேனே என்று
சந்தை வரைக்கும் வெட்கம்.

வியாழன், மறுபடி கை.
வெள்ளிக்கிழமைதான் கவனித்தேன்:
கை நெற்றியில் நின்றது,
முகம் கரும்புப் பக்கம் திரும்பியிருந்தது.
வணக்கம் இல்லை அது.
கண் கூச்சம்.

வெறும் வண்டியில் அளந்திருக்கிறேன், பைத்தியக்காரி.
பின்னால் சுமை ஏறினால் மூக்கு நிமிரும் என்பது
சாக்கு ஏற்றுகிற எவளுக்கும் தெரியும்.
சனிக்கிழமை மடும்பி மூட்டைகளை ஏற்றிவைத்து,
ஏழரை மீட்டர் தள்ளி நிறுத்தி,
சுவரில் சாக்பீஸ் கோடு இழுத்து,
திருகாணியை அரைச்சுற்று, இன்னும் கால்சுற்று.
வெளிச்சம் இரண்டு விரல் கீழே இறங்கி
கோட்டின்மேல் உட்கார்ந்தது.

திங்கள்.
பாலம் தாண்டி அவர் வந்தார்.
பூட்ஸ் தெரிந்தது, முழங்கால், பையின் வார்.
முகம் அவருடைய இருட்டிலேயே இருந்தது.
கை உயரவில்லை.
அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு
கியர் மாற்றினேன்.